சாவியை எடுத்த பிறகும் நிற்காத எஞ்சின்

சாய்ந்தமருது பிரதான வீதியில் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்த நேரம். கடலரிப்பு பற்றி எழுதுவதற்காக அன்று அங்கே போயிருந்தேன். ரியூசன் பிள்ளைகளை ஏற்றுவதற்காக வீதியோரம் நின்ற பழைய டொல்பின் வேன் ஒன்றின் எஞ்சின் திடீரென உறுமத் தொடங்கியது. யாரோ விளையாட்டுக்கு றேஸ் பண்ணுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தம் ஏறிக்கொண்டே போனது. பின்பக்கத்திலிருந்து நீலமும் வெள்ளையும் கலந்த புகை கிளம்பி எதிர்க்கடைகளை மறைத்தது. 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவுக்குப் பிறகு இந்த ஊரில் பெரிய சத்தமும் புகையும் ஒன்றாக வந்தால் ஆட்கள் எப்படி ஓடுவார்கள் என்று நான் விளக்கத் தேவையில்லை. அப்படித்தான் ஓடினார்கள்.

சாரதி யன்னலால் கையை நீட்டி எங்களுக்கு எதையோ காட்டினான். சாவி. சாவி அவனது கையில் இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

முன் ஆசனத்தில் ஏறியிருந்த இரண்டு பிள்ளைகளை யாரோ இழுத்து இறக்கினார்கள். எதிரே இருந்த கராஜிலிருந்து அறுபது வயது தாண்டிய ஒருவர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். சாரதியைத் தள்ளிவிட்டு ஏறினார். பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தார், கைப்பிரேக்கை இழுத்தார், கியரை ஐந்தில் போட்டார், கிளச்சிலிருந்து காலை ஒரேயடியாக எடுத்தார். வேன் ஒரு முழம் முன்னே பாய்ந்து, குலுங்கி, நின்றது. சத்தமும் நின்றது. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட இராது.

நடுங்கிக்கொண்டு நின்ற சாரதியைப் பார்த்து அவர் சொன்னது இதுதான்: “கிளச்ச மிதிச்சா அதுக்குக் கொண்டாட்டம் மகன். மிதிக்கப்படா. பாரத்தக் குடுக்கணும்.”

இந்தக் கட்டுரை கடலரிப்பைப் பற்றியதாக இருந்திருக்க வேண்டும். அது இன்னொரு நாளைக்கு.

டீசல் எஞ்சின் ஏன் இப்படிச் செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, அது பெற்றோல் எஞ்சினிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று பார்க்க வேண்டும். பெற்றோல் எஞ்சினுக்குப் பொறி தேவை. சாவியைத் திருப்பினால் மின்சாரம் நிற்கும், பொறி நிற்கும், எஞ்சின் நிற்கும். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. காற்றை மிக இறுக்கமாக அமுக்கும்போது பிறக்கும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. பழைய டீசல் எஞ்சின்களில் பெரும்பாலும் காற்றைக் கட்டுப்படுத்தும் கதவும் இல்லை. காற்று எப்போதும் தாராளமாகப் போகும். பம்ப் எவ்வளவு டீசலைக் கொடுக்கிறதோ அவ்வளவுதான் வேகம். சாவியைத் திருப்பும்போது நாங்கள் செய்வதெல்லாம் பம்பின் டீசல் வழியை மூடுவது ஒன்றுதான்.

அப்படியானால், பம்பைத் தவிர வேறொரு வழியால் எரியக்கூடிய ஏதாவது உள்ளே போனால்? சாவிக்கும் அந்த எஞ்சினுக்கும் இடையில் உறவு அறுந்துவிடும். வேகம் கூடக் கூட எஞ்சின் அந்த வேறு எரிபொருளை இன்னும் அதிகமாக இழுக்கும். இழுக்க இழுக்க வேகம் இன்னும் கூடும். வால்வு உடைந்தோ, பிஸ்டனைப் பிடிக்கும் கம்பி எஞ்சின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தோ, உள்ளே எரிவது தீர்ந்தோதான் அது தானாக நிற்கும்.

அந்த வேறு எரிபொருள் பெரும்பாலும் எஞ்சினின் சொந்த ஒயில்தான். டீசல் எஞ்சினுக்கு ஒயிலும் ஒரு நல்ல எரிபொருள். தேய்ந்த எஞ்சினில் பிஸ்டன் வளையங்களைக் கடந்து வாயு கீழே ஒயில் தொட்டிக்குள் இறங்கும். அந்த அழுத்தம் வெளியேற ஒரு மூச்சுக்குழாய் உண்டு. அந்தக் குழாய் பல வாகனங்களில் எஞ்சின் காற்றை இழுக்கும் வழியோடுதான் இணைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் புதிதாக இருக்கும்வரை அதனால் வருவது கொஞ்சம் ஆவி மட்டும். தேய்ந்துபோனால் ஒயிலே தெறித்து வரும். ரேர்போ பூட்டிய எஞ்சின் என்றால் இன்னொரு வாசலும் உண்டு. ரேர்போவின் அச்சுக்கு ஒயில் போய்க்கொண்டே இருக்கும். அதன் அடைப்பு தேய்ந்தால் அந்த ஒயில் நேராகக் காற்று வழிக்குள் கசியும்.

அன்றைய டொல்பினில் ரேர்போ இல்லை. இரண்டு நாட்களுக்கு முன்பு வேறெங்கோ ஒயில் மாற்றியிருந்தார்கள். “கொஞ்சம் கூட இரிக்கட்டும்” என்று அளவுகோலின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தார்கள். பழைய எஞ்சின் ஒயில் குடிக்கும், ஆகவே கூடுதலாக ஊற்றினால் நல்லது என்பது எங்கள் பகுதிகளில் பரவலாக இருக்கும் நம்பிக்கை. கராஜ்காரர் அளவுகோலை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுக் காட்டியபோது ஒயில் மேல் கோட்டுக்கு இரண்டு விரல் உயரத்தில் நின்றது. தேய்ந்த வளையங்கள், மிதமிஞ்சிய ஒயில், காற்று வழியோடு இணைந்த மூச்சுக்குழாய். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

எனக்கு இதைப் பார்த்ததும் வன்னிதான் ஞாபகம் வந்தது. பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் என்பது கண்ணில் காணாத பொருள். சிறிய போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலைக் காட்டி மோட்டார் சைக்கிளை இயக்கிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிக்கொண்டு போவார்கள். அந்த வண்டிகளும் சாவியை எடுத்த பிறகு சில நேரம் நிற்காது. சூடேறிய கரியே பொறியாகி, தடதடவென்று உதறிக்கொண்டு ஓடும். நாங்கள் சிறுபிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்போம். ஆனால் அது பலமிழந்த ஓட்டம். கொஞ்ச நேரத்தில் தானாகவே செத்துவிடும். இது வளர்ந்துகொண்டே போகும் ஓட்டம். அந்தக் காலத்து அனுபவத்தை வைத்து “விடுங்க, தானா நிக்கும்” என்று அன்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அது நிற்கும்போது பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பதுதான் கேள்வி.

டொல்பின் வேன் என்றாலே எங்களில் பலருக்கு வேறொரு நினைவும் உண்டு. வெள்ளை நிறத்தில் இலக்கத்தகடு இல்லாமல் வீட்டு வாசலில் வந்து நின்ற வேன்கள். அந்தக் கதையை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அதே வகை வேன்கள்தான் இன்று எங்கள் பிள்ளைகளைப் பாடசாலைக்கும், நோயாளிகளை கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கும், வெளிநாடு போகிறவர்களைக் கட்டுநாயக்காவுக்கும் கொண்டுபோகின்றன. முப்பது வருடத்துக்கு முந்திய வண்டிகள் ஏன் இன்னும் இந்த வேலையைச் செய்கின்றன?

பதில் கராஜில் இல்லை, கொழும்பில் இருக்கிறது. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காப்பாற்றுவதற்காக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மறுபடி திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். ஏறக்குறைய ஐந்து வருடங்கள் இந்த நாட்டுக்குள் புதிய வேன் வருவது மிக அரிதாக இருந்தது. அந்த ஐந்து வருடத்தில் உள்ளே இருந்த வண்டிகள் வயது கூடிக்கொண்டும் விலை கூடிக்கொண்டும் போயின. வயதானால் விலை இறங்கும் என்ற சாதாரணக் கணக்கு இலங்கையில் தலைகீழானது. இறக்குமதி திறந்த பிறகும் உற்பத்தி வரி, சுங்க வரி, 18 வீத பெறுமதி சேர் வரி எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. ரியூசன் பிள்ளைகளை ஏற்றி மாதக் காசு வாங்கும் ஒருவர் அந்த விலைக்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது. ஆகவே பழைய எஞ்சினைப் பிரிக்காமல், “ஓடுமட்டும் ஓடட்டும்” என்று ஓட்டுகிறார்கள். வளையங்களை மாற்றி எஞ்சினை முழுதாகச் செய்ய வேண்டிய இடத்தில், தடித்த ஒயிலைக் கூடுதலாக ஊற்றிச் சமாளிக்கிறார்கள். அன்று அந்தச் சாரதி செய்ததும் அதுதான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2022இல் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வருடம் ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவுக்குப் போனது. மண்ணெண்ணெயின் கட்டுப்பாட்டு விலையோ 87 ரூபா. ஓகஸ்ட் 22இல் அது 340 ரூபாவாக உயர்த்தப்படும்வரை இந்த இடைவெளி நீடித்தது. மீனவர்கள் படகுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல் வரிசையில் காத்து நின்ற அதே நாட்களில், டீசல் வாகனங்களில் மண்ணெண்ணெய் கலக்கிறார்கள் என்ற பேச்சு நாடு முழுவதும் இருந்தது. கியூஆர் அட்டையின் கிழமைப் பங்கு முடிந்த பிறகு கறுப்புச் சந்தையில் கானில் வாங்கிய எண்ணெயில் என்ன இருந்தது என்று வாங்கியவருக்கும் தெரியாது. மண்ணெண்ணெய் நேரடியாக எஞ்சினை ஓடவிடாது, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பழைய பம்புகளின் உட்பாகங்கள் டீசலின் வழவழப்பிலேயே உயிர்வாழ்கின்றன. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்புக் குறைவு. தேய்ந்த பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம் முழு அளவில் இறுகிப்போனால் அதுவும் ஒரு கட்டற்ற ஓட்டம்தான். தேய்ந்த இன்ஜெக்டர் டீசலைத் தூவுவதற்குப் பதிலாகச் சொட்டவிட்டால், எரியாத டீசல் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயில் தொட்டியில் சேரும். ஒயில் ஊற்றாமலே ஒயில் மட்டம் ஏறும். அது நல்ல சகுனம் இல்லை. 2022இன் கணக்கை எங்கள் எஞ்சின்கள் இன்னும் கட்டி முடிக்கவில்லை.

அரசாங்கத்தின் பக்கம் என்ன இருக்கிறது? வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்பார்கள். 2008 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் புகைப் பரிசோதனை டீசல் வாகனங்களுக்கு எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்த்திருப்பீர்கள். வண்டியை நிறுத்திவைத்து, கியர் இல்லாமல், அக்சிலேட்டரை ஒரே மூச்சில் அடிவரை மிதிப்பார்கள். பிறகு விடுவார்கள். இதைப் பல தடவை செய்வார்கள். பாரமில்லாமல் எஞ்சினை உச்ச வேகத்துக்குக் கொண்டுபோவது என்பது, ஒயில் தெறிக்கும் நிலையிலுள்ள ஒரு எஞ்சினுக்கு நாங்களே அழைப்புக் கொடுப்பது மாதிரி. பரிசோதனை தவறு என்று நான் சொல்லவில்லை. புகையை அளக்க அதுதான் வழி. ஆனால் அது புகையை மட்டும்தான் அளக்கிறது. ஒயில் மட்டத்தையோ மூச்சுக்குழாயையோ பரிசோதனைக்கு முன்பு ஒருவர் பார்க்க எவ்வளவு நேரம் போகும்? இரண்டு நிமிடம். நான் கேட்டவரை அப்படிப் பார்த்ததாக எந்தச் சாரதியும் சொல்லவில்லை.

2025 மே 11ஆம் திகதி கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அந்த விபத்துகளுக்கும் எஞ்சின் ஓட்டத்துக்கும் தொடர்பு இல்லை. ஆனால் அவற்றுக்குப் பிறகுதான் வாகனங்களின் தகுதி பற்றி நாடு கொஞ்சம் உரக்கப் பேசியது. அந்தப் பேச்சும் பஸ்ஸோடு நின்றுவிட்டது. பிள்ளைகள் போகும் வேன், மத்ரஸாவுக்கும் கோயிலுக்கும் போகும் உழவு இயந்திரம் எல்லாம் கணக்கில் வரவில்லை. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளத்தில் உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்தார்கள். அது சாய்ந்தமருதிலிருந்து சில கிலோமீற்றர் தூரம்தான். கிடைக்கிற வாகனத்தில் பிள்ளைகளை ஏற்றுகிறோம். வேறு வழி இல்லாததால் ஏற்றுகிறோம்.

சரி, அப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வது? அன்று மாலை கராஜ் வாசலில் பிளேன்ரீ குடித்தபடி அவரிடம் இதைத்தான் அதிக நேரம் கேட்டேன். அவர் சொன்னதையும், பிறகு நான் வாசித்துச் சரிபார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஆட்களை இறக்குங்கள். எஞ்சினுக்குப் பக்கவாட்டில் யாரும் நிற்கக்கூடாது. உடைந்தால் துண்டுகள் அந்தப் பக்கமாகத்தான் பறக்கும். டொல்பின், லைட்ஏஸ், டவுன்ஏஸ் போன்ற வேன்களில் எஞ்சின் இருப்பது முன் ஆசனத்துக்குக் கீழே என்பதை மறக்க வேண்டாம். முன்னால் இருப்பவர் எஞ்சினுக்கு மேலேயே இருக்கிறார்.

கையில் போடும் கியர் உள்ள வண்டி என்றால், கராஜ்காரர் செய்ததுதான் மிக விரைவான வழி. பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டு, மிக உயர்ந்த கியரில் போட்டு, கிளச்சைச் சடுதியாக விட வேண்டும். தாழ்ந்த கியர் வேண்டாம், அதில் எஞ்சினுக்குப் பலம் அதிகம், வண்டி முன்னால் பாயும். முன்னால் ஆளோ சுவரோ இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்தால் இன்னும் கவனம் தேவை. வண்டி தானாக வேகம் எடுக்கும்போது மனித இயல்பு கிளச்சை மிதிக்கச் சொல்லும், அல்லது நியூட்ரலுக்குப் போகச் சொல்லும். இரண்டுமே எஞ்சினை அவிழ்த்துவிடுவதற்குச் சமம். கியரிலேயே வைத்துக்கொண்டு, இருக்கிற உயர்ந்த கியருக்கு மாற்றி, பிரேக்கை அழுத்தமாகப் பிடியுங்கள். விட்டுவிட்டு மிதிக்க வேண்டாம், பிரேக் சூடேறிப் பலமிழந்துவிடும். எஞ்சின் ஓடும்வரை பிரேக்கின் உதவிப் பலம் இருக்கும். எஞ்சின் நின்ற பிறகு பெடல் கனக்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

ஓட்டோமெட்டிக் கியர் என்றால் இந்த வழி கிடையாது. அப்போது காற்றை அடைக்க வேண்டும். எரிபொருள் எங்கிருந்து வந்தாலும் காற்று இல்லாமல் எரியாது. காற்று போகும் குழாயின் வாயைத் தட்டையான பலகையாலோ தடித்த இரும்புத் தகட்டாலோ மூட வேண்டும். கையால் மூடவே கூடாது, உறிஞ்சும் விசை விரலைக் கொண்டுபோய்விடும். சேலை, சாரன், துவாய் எதையும் வைக்க வேண்டாம், உள்ளே இழுத்துக்கொள்ளும். காபனீரொட்சைட்டுத் தீயணைப்பான் இருந்தால் அதைக் காற்று வாயில் அடிக்கலாம். இது வெளிநாட்டுக் கையேடுகள் எல்லாம் சொல்லும் வழி. எங்கள் வேன்களில் தீயணைப்பான் இருந்தால் பாருங்கள்! உண்மையைச் சொன்னால், இந்த வேன்களில் ஆசனத்தைத் தூக்கி, கத்திக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு மேல் முகத்தை நீட்டி இதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கியரால் நிறுத்த முடியாவிட்டால், எல்லோரும் தூரப் போய்விடுவதே மேல். எஞ்சின் போனால் போகட்டும்.

பம்ப் இறுகிப்போன வகை என்றால் டீசல் குழாயை மூடினால் நிற்கும். பழைய லொறிகளிலும் உழவு இயந்திரங்களிலும் நிறுத்துவதற்கென்று இழுக்கும் கம்பி இருக்கிறது, அதுவும் வேலை செய்யும். ஒயிலில் ஓடும் எஞ்சினுக்கு இவை எதுவும் கேட்காது. இரண்டையும் வெளியில் நின்று பிரித்தறியப் புகையைப் பாருங்கள். நீலப் புகை ஒயில் எரிவதைச் சொல்லும், கரும்புகை டீசல் மிதமிஞ்சிப் போவதைச் சொல்லும். ஆனால் அந்தப் பதற்றத்தில் நிறம் பார்க்க நேரம் இருக்குமா என்பது வேறு கேள்வி.

நின்ற பிறகு மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அன்றும் வந்தது. கராஜ்காரர் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காற்று வழிக்குள் தேங்கிய ஒயில் அப்படியே இருக்கும், ஸ்டார்ட் பண்ணினால் அதே ஓட்டம் மறுபடி தொடங்கும்.

வருமுன் காப்பதற்குப் பெரிய செலவு தேவையில்லை. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அளவுகோலைப் பாருங்கள். மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் கழற்றி ஊற்றுங்கள், ஒயில் விலையை நினைத்துத் தயங்க வேண்டாம். ஊற்றாமல் மட்டம் ஏறியிருந்தால், ஒயிலை முகர்ந்து டீசல் மணக்கிறதா என்று பாருங்கள். மணந்தால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். எயார் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் றப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலால் தடவுங்கள். மெல்லிய ஈரம் பரவாயில்லை, ஒயில் தேங்கி நின்றால் அது எச்சரிக்கை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், தேய்ந்த எஞ்சின் புகைவண்டி மாதிரி புகையைத் தள்ளும். இந்த ஊர் கராஜ்களில் ஒரு வேலை செய்கிறார்கள். மூச்சுக்குழாயைக் காற்று வழியிலிருந்து பிரித்து, ஒரு போத்தலுக்குள் விட்டுக் கட்டிவிடுகிறார்கள். சுற்றாடலுக்கு நல்லதல்ல. ஆனால் வளையம் மாற்றக் காசு சேரும்வரை, பிள்ளைகள் போகும் வேனில் அதைச் செய்யாமல் விடுவதைவிடச் செய்வது மேல் என்பது என் கருத்து.

கடலோடு சம்பந்தப்பட்டவர்களுக்கும் சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நெடுநாள் படகின் எஞ்சின் அறையிலும் ஆலையின் தண்ணீர்ப் பம்பிலும் கியரால் நிறுத்தும் வசதி இல்லை. அங்கே காற்று வாயின் அளவுக்கு ஒரு பலகையை வெட்டி, எஞ்சின் பக்கத்திலேயே ஆணியில் தொங்கவிடலாம்.

ஒயில் மட்டும்தான் இப்படிச் செய்யும் என்றும் நினைக்க வேண்டாம். 2005 மார்ச் 23ஆம் திகதி அமெரிக்காவின் டெக்சஸ் சிற்றியில் பிபி நிறுவனத்தின் சுத்திகரிப்பு நிலையத்தில் எரிவாயு மேகம் போலக் கசிந்து பரவியது. பக்கத்தில் ஸ்டார்ட்டில் நின்ற ஒரு டீசல் பிக்கப் அந்த ஆவியை உறிஞ்சித் தன்பாட்டில் உறுமத் தொடங்கியது. பெரும்பாலும் அதிலிருந்தே தீ பற்றியிருக்க வேண்டும் என்று விசாரணை சொன்னது. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் அளவில் காயமடைந்தார்கள். 2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் எண்ணெய் மேடை வெடித்த இரவும், மின்பிறப்பாக்கி எஞ்சின்கள் முதலில் கட்டுமீறி உறுமியதை உயிர்தப்பியவர்கள் சொன்னார்கள். எரிவாயு மணக்கும் இடத்தில் டீசல் வண்டியை ஸ்டார்ட்டில் வைத்திருக்க வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மஃரிபுக்கு பாங்கு சொல்லும் நேரம் அந்த வேனைக் கயிறு கட்டிக் கராஜுக்குள் இழுத்தார்கள். தள்ளுவதற்கு ரியூசன் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். “எவ்வளவு முடியும் பாஸ்?” என்று சாரதி கேட்டான். எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் சொல்ல ஏலாது என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்து, ஒரு தொகையைச் சொன்னார். சாரதி ஒன்றும் பேசாமல் தொலைபேசியை எடுத்து, அடுத்த நாள் காலை பாடசாலைக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோக வேறொரு வேன்காரரை அழைத்தான். அந்த வேன் எந்த வருடத்தது என்று நான் கேட்கவில்லை.